மிளகை நம்பி ஒரு மலைக் குடும்பம் வாழ முடியுமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: பெங்களூரில் உங்கள் தெருக் கடையில் நூறு கிராம் மிளகு ஏறத்தாழ 115 ரூபாய், உங்கள் அலுவலகத் தோழியின் பெற்றோர் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் அதே மிளகைக் கிலோ 650 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள், இடையில் உள்ள 500 ரூபாய் யாருக்குப் போகிறது, நேரடியாக வாங்கினால் அந்தக் குடும்பத்துக்கு உதவியாக இருக்குமா? கேள்வி விலை வித்தியாசத்தைப் பற்றியதாக இருந்தாலும், அதன் அடியில் இருப்பது வேறொன்று என்று நினைக்கிறேன். மிளகு வியாபாரம் என்ற இந்தப் பெரிய ஏற்பாடு, அதன் கீழ்முனையில் இருக்கும் ஒரு வீட்டுக்கு உண்மையில் என்ன செய்கிறது என்பதே நீங்கள் அறிய விரும்புவது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன். முதலாவதை விட இரண்டாவதே முக்கியம்.

என் பார்வையின் எல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் தோட்டக்கலை படித்தவன். வேலை பார்த்ததெல்லாம் வாங்கும் பக்கத்தில். பெங்களூரில் மசாலாப் பொடி தயாரிக்கும் நிறுவனங்களுக்காகக் குடகு, சிக்கமகளூரு, கொல்லிமலை, ஏற்காடு, கீழ்ப்பழனி மலை என்று பல இடங்களில் மிளகு கொள்முதல் செய்திருக்கிறேன். மூட்டை களத்தை விட்டுக் கிளம்பிய பிறகு நடப்பதை உறுதியாகச் சொல்ல முடியும். வீட்டுக்குள் அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்பது பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

விலை வித்தியாசத்தைப் பார்ப்போம். ஊர் வியாபாரி கிலோவுக்குப் பத்து, இருபது ரூபாய் வைத்துக்கொள்வார். மண்டிக்கு வந்த சரக்கைச் சலித்து, தூசி, காம்பு, பதர் நீக்கும்போதும், மிச்சம் இருக்கும் ஈரம் காயும்போதும் எடையில் நூற்றுக்கு மூன்று, நான்கு போய்விடும். லாரி வாடகை மிகச் சிறிய தொகை. மிளகு எடைக்கு விலை அதிகமான பொருள் என்பதால், தக்காளியைப் போல வண்டிச் செலவு அதை விழுங்குவதில்லை. நூறு கிராம் பையில் அடைக்கும்போது பையும் அடைப்புக் கூலியும் சேர்ந்து கிலோவுக்கு முப்பது, நாற்பது ரூபாய் ஆகிவிடும். அதன்மேல் நிறுவனத்தின் நிர்வாகச் செலவும் லாபமும், விநியோகஸ்தரின் பங்கு, கடைக்காரரின் பங்கு, கடைசியில் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. இவற்றைக் கூட்டினால் 650 ரூபாய் மிளகு 1,150 ரூபாயை எளிதாகத் தொடும். இது என் அனுபவக் கணக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் ஒன்று உறுதி: வித்தியாசத்தின் பெரும்பகுதி மலையடிவாரத்து இடைத்தரகரிடம் இல்லை. அது நகரத்தில், சிறு பையிலும் கடை அலமாரியிலும் ஏறுகிறது. மூட்டைக் கணக்கில் விற்கும் மொத்தச் சந்தை விலையோடு ஒப்பிட்டால், மிளகு விவசாயிக்குக் கிடைக்கும் பங்கு காய்கறி விவசாயிக்குக் கிடைப்பதைவிட மிக அதிகம். எல்லாரும் அளவுகோலாகக் கொள்ளும் கொச்சிச் சந்தையின் மிளகு விலை நாள்தோறும் வெளியாகிறது. கைப்பேசி இருக்கும் எந்த விவசாயிக்கும் அது தெரியும். விலையை மறைத்து ஏமாற்றிய காலம் பெரும்பாலும் போய்விட்டது.

அப்படியானால் குடும்பம் எங்கே இழக்கிறது? என்ன விலைக்கு விற்கிறது என்பதைவிட, எப்போது விற்க நேர்கிறது என்பதில்தான். இதைப் புரிந்துகொள்ள அந்தப் பயிரின் ஆண்டு எப்படி நகர்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மிளகுக் கொடி நட்ட மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கி, ஏழெட்டு ஆண்டுகளில் முழு விளைச்சலுக்கு வந்து, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பலன் தரும். மே, ஜூனில் மழை விழுந்ததும் புதுத் தளிரோடு பூச்சரம் வெளிவரும். மகரந்தம் சரத்தின் மேலிருந்து கீழாகப் பரவுவதற்கு மழைத்துளியே பெரும் துணை. சரம் வந்த பிறகு மழை சில வாரங்கள் விட்டுவிட்டால் மணி பிடிக்காமல் சரம் பொக்கையாகத் தொங்கும். ஆறிலிருந்து எட்டு மாதம் கழித்து, சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவக்கும் பருவத்தில், தாழ்ந்த பகுதிகளில் டிசம்பர், ஜனவரியிலும், உயர்ந்த மலைகளில் பிப்ரவரி, மார்ச்சிலும் பறிப்பார்கள். பறித்ததை உதிர்த்து, சிலர் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கியெடுத்து, மூன்று முதல் ஐந்து நாள் வெயிலில் உலர்த்துவார்கள். நூறு கிலோ பச்சை மிளகு உலர்ந்தால் முப்பத்து மூன்று கிலோ கிடைக்கும். ஆக, ஆண்டு முழுவதும் செலவு, வருமானமோ ஒரே முறை.

ஆனால் இந்தப் பயிருக்கு ஒரு பெரிய குணம் உண்டு. ஈரப்பதம் பதினொன்று, பன்னிரண்டு சதவீதத்துக்கு வரும்வரை சரியாக உலர்த்தி, காற்றுப் புகாத உள்பை போட்ட சாக்கில் கட்டி வைத்தால், மிளகு ஆண்டுக் கணக்கில் கெடாது. காய்கறிக்கும் பாலுக்கும் பழத்துக்கும் இல்லாத வசதி இது. மலைவீடுகளில் மிளகு மூட்டை பரண்மேல் இருக்கும் சேமிப்புக் கணக்கு போலத்தான். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்ட ஒரு மூட்டை, திருமணத்துக்கு நான்கு மூட்டை, ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரமாக ஒன்று என்று எடுத்து விற்பார்கள். பத்து கிலோ கொண்டுபோனாலும் கையோடு காசு கொடுக்கும் வியாபாரி அடிவாரத்தில் இருப்பார். மிளகு வியாபாரம் கிராமக் குடும்பத்துக்குத் தரும் உண்மையான ஆதாயம் இந்த எடுத்த எடுப்பில் காசாக்கும் வசதிதான் என்பது என் கருத்து. நாங்கள் கொள்முதலுக்குப் போகும்போது, விலை படியவில்லை என்றால் "இருக்கட்டும் சார், மழைக்கு அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லக்கூடிய வீட்டுக்கும், எங்களுக்காகவே வாசலில் காத்திருக்கும் வீட்டுக்கும் கிடைக்கும் விலையில் எப்போதும் வித்தியாசம் இருந்தது. தரம் ஒன்றாக இருந்தபோதும் இருந்தது.

காத்திருக்க முடியாத வீடு எப்படி விற்கிறது என்பதற்குச் சில வழிகள் உண்டு. மோசமானது, சரம் பிஞ்சாக இருக்கும்போதே கொடியோடு விலை பேசி முன்பணம் வாங்கிக்கொள்வது. மழைக்காலத்தில் கையில் காசு இல்லாதபோது வியாபாரி கொடுக்கும் அந்தப் பணத்துக்கு வட்டி என்று தனியாக எதுவும் இருக்காது. விலைக்குள்ளேயே அது மறைந்திருக்கும். அடுத்தது, பச்சையாகவே விற்பது. உலர்த்த இடமில்லாததாலோ திருட்டுக்குப் பயந்தோ, பறித்த அன்றே எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மூன்றில் ஒன்றுதான் உலர்ந்த எடை என்ற கணக்கில் வாங்குபவர் தனக்குச் சாதகமாகவே விலை வைப்பார். மூன்றாவது, அறுவடைக் கூலி கொடுப்பதற்காகப் பிப்ரவரி, மார்ச்சிலேயே எல்லாரோடும் சேர்ந்து சந்தைக்குக் கொண்டுபோவது. சற்று வசதியானவர்கள் நகையை அடகு வைத்துக் கூலி கொடுத்துவிட்டு மிளகை வைத்துக்கொள்வார்கள். விலை ஏறுமுகமாக இருக்கும் ஆண்டில் இது புத்திசாலித்தனம். இறங்குமுகத்தில் வட்டியும் நட்டம், மிளகும் நட்டம். அறுவடை முடிந்தபின் விலை கட்டாயம் ஏறும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். பல ஆண்டுகள் ஏறியிருக்கிறது, சில ஆண்டுகள் ஏறவே இல்லை.

தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளை வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் ஏற்பாடு உண்டு. இந்த இடத்துக்குத் தேவையான ஏற்பாடு அதுவே. ஆனால் அந்தக் கூடங்கள் பெரும்பாலும் சமவெளியில் இருக்கின்றன. ஐந்து மூட்டை மிளகு வைத்திருப்பவர் வண்டி பிடித்து இறங்கிவந்து, காகிதம் எழுதி, மறுபடி வந்து மீட்பது நடைமுறையில் எளிதன்று. பட்டா தெளிவாக இல்லாத நிலத்துக்கு வங்கிப் பயிர்க்கடன் கிடைப்பதும் கடினம். ஊர் வியாபாரியின் முன்பணம் அதனால்தான் இன்னும் ஒழியவில்லை. அவரை வில்லனாக்கிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் பணம் கொடுப்பவர் அந்த ஊரில் அவர் ஒருவர் மட்டுமே என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்போது விலைக்கு வருகிறேன். 1990களின் இறுதியில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியிருந்த மிளகு, 2000க்குப் பிறகு சில ஆண்டுகள் 100 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. அதே காலத்தில் காப்பி விலையும் விழுந்து, வாடல் நோயும் வறட்சியும் சேர்ந்துகொண்டதில் வயநாடு பட்ட துயரமும் அங்கே நடந்த விவசாயிகள் தற்கொலைகளும் பலருக்கு நினைவிருக்கும். 2014 முதல் 2016 வரை 700 ரூபாயை ஒட்டிப் போன விலை, 2019, 2020இல் முந்நூற்றுச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. 2023இல் மீண்டும் 600ஐத் தொட்டது. அதன்பின் 600க்கும் 700க்கும் இடையிலேயே பெரும்பாலும் இருந்து வந்திருக்கிறது. இந்த ஏற்ற இறக்கம் வீட்டுக்கு என்ன செய்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுகிறேன். இதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஏக்கர் நிழல்மரங்களில் ஏறிய கொடிகளிலிருந்து 200 கிலோ உலர்ந்த மிளகு வருகிறது, பறிப்புக் கூலி, களையெடுப்பு, எரு, ஆண்டுக்கு இருமுறை போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நோய்த்தடுப்பு மருந்து) எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 650 ரூபாய் விலையில் வரவு 1,30,000, மிச்சம் 85,000. விலை பாதியாகி 325 ஆனால் வரவு 65,000, மிச்சம் 20,000. விலை பாதியாகும்போது மிச்சம் நான்கில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது, ஏனென்றால் கூலி பாதியாவதில்லை. நல்ல ஆண்டிலும் அந்த 85,000, ஒரு குடும்பத்துக்கு மாதம் ஏழாயிரம் ரூபாய்தான். ஆகவே ஓர் ஏக்கர் மிளகை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வாழ முடியுமா என்றால், முடியாது.

முடிகிற வீடுகள் மிளகை மட்டும் நம்பாதவை. குடகிலும் சிக்கமகளூரிலும் காப்பித் தோட்டத்து நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களில் கொடியை ஏற்றினார்கள். காப்பி விலை கிடையாகக் கிடந்த ஆண்டுகளில் பல தோட்டங்களைத் தாங்கியது மிளகுதான். விளைச்சலில் கேரளத்தைக் கர்நாடகம் முந்தியதற்கு இந்த ஏற்பாடே முக்கியக் காரணம். கீழ்ப்பழனி மலையில் காப்பி, வாழை, ஆரஞ்சு, அவரை இவற்றோடு மிளகு; கொல்லிமலையில் சில்வர் ஓக்கோடு மிளகும் காப்பியும், பலாவும் அன்னாசியும். நிலத்தைக் கூடுதலாகக் கேட்காமல், மரத்தின் உயரத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் பயிர் என்பதே மிளகின் சிறப்பு. இதற்கு எதிர்ப்பக்கம் வியட்நாம். அங்கே மத்திய மேட்டுநிலத்தில் நெருக்கமாகக் கம்பம் நட்டு மிளகை மட்டுமே வளர்த்தார்கள். விளைச்சல் நம்மைவிடப் பல மடங்கு. உலகின் முதல் உற்பத்தியாளராகவும் ஏற்றுமதியாளராகவும் ஆனார்கள். ஆனால் விலை உச்சத்தில் இருந்தபோது கடன் வாங்கிப் பரப்பைக் கூட்டிய குடும்பங்கள், 2017க்குப் பின் விலையும் விழுந்து கொடியும் நோயில் காய்ந்தபோது பெரும் கடனில் மாட்டின. நம் விவசாயியின் குறைந்த விளைச்சலைக் கேலி பேசுபவர்கள் இந்த மறுபக்கத்தைப் பார்ப்பதில்லை.

நோய் என்றதும் நான் சொல்வது ஃபைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரால் வரும் விரைவு வாடலை. தென்மேற்குப் பருவமழையில் வேரும் தண்டின் அடியும் அழுகி, சில வாரங்களில் கொடி பட்டுப்போகும். விலை விழுந்தால் அடுத்த ஆண்டு ஏறலாம். கொடி போனால் மறுபடி நட்டு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். ஐ.ஐ.எஸ்.ஆர். சக்தி, ஐ.ஐ.எஸ்.ஆர். தேவம் போன்ற ஓரளவு தாங்கும் ரகங்களைக் கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் (ஐ.ஐ.எஸ்.ஆர்.) தந்திருக்கிறது. ஆனாலும் பழைய நாட்டு ரகமான கரிமுண்டாவையும், 1971இல் வெளியான பன்னியூர்-1 என்ற கலப்பினத்தையும் விட விவசாயிகளுக்கு மனம் வருவதில்லை. வடிகால், மழைக்கு முன் போர்டோ கலவை, நோய்க்கிருமியை அடக்கும் ட்ரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சை என்ற மூன்றையும் ஒழுங்காகச் செய்யும் வீட்டில் சேதம் குறைவு. விலை விழுந்த ஆண்டில் முதலில் நிறுத்தப்படுவதும் இந்தச் செலவுதான். அதன் பலன் இரண்டு ஆண்டு கழித்துத் தெரியும்.

அரசின் பங்கு பற்றி: 2017 டிசம்பரில் மத்திய அரசு மிளகு இறக்குமதிக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தது, 2018 மார்ச்சில் அதற்குக் கீழான விலையில் இறக்குமதி செய்வதையே தடை செய்தது. இலங்கை வழியாகக் குறைந்த வரியில் வெளிநாட்டு மிளகு வருகிறது என்ற புகாரே இதன் பின்னணி. ஆனாலும் அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில் உள்நாட்டு விலை அந்த 500க்கு வெகு கீழே போனது என்பது பதிவாகியுள்ள உண்மை. கட்டுப்பாடு இல்லாதிருந்தால் இன்னும் விழுந்திருக்குமா என்பது விவாதத்துக்குரியது. விழுந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன், ஆனால் நிரூபிக்க முடியாது. இதைவிடச் சிறிய, ஆனால் தெளிவான நன்மை ஒன்று 2024 டிசம்பரில் நடந்தது. விவசாயியே விற்கும் மிளகுக்கு, அது பச்சையானாலும் உலர்ந்ததானாலும், ஜி.எஸ்.டி. கிடையாது என்று ஜி.எஸ்.டி. மன்றம் தெளிவுபடுத்தியது. அதற்குமுன் உலர்த்தியதால் அது வரிக்குரிய பொருளாகிவிட்டது என்று சொல்லி விவசாயிகளுக்கு நோட்டீஸ் போன கூத்தும் நடந்தது.

நிலமில்லாத குடும்பங்களைச் சொல்லாமல் விட்டால் பதில் அரைகுறையாகிவிடும். மிளகில் மிகப் பெரிய செலவு பறிப்புக் கூலி. ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்து, முப்பது நாற்பது அடி உயரத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் சரம் பறிக்கும் வேலை இது. மரமேறுபவர்கள் குறைந்துகொண்டே வருவதால் அவர்கள் கூலி மற்ற தோட்டக் கூலியைவிட எப்போதும் கூடுதல். விழுந்து முதுகெலும்பு உடைந்தால் காப்பீடு பெரும்பாலும் இல்லை. கீழே உதிர்ந்த மணிகளைப் பொறுக்குவது, உதிர்ப்பது, களத்தில் கிளறுவது, புடைப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. தரத்தைத் தீர்மானிக்கும் வேலை இதுவே. ஆனால் கூலியில் ஆண்களைவிடக் குறைவு. மிளகு 700 ரூபாய்க்குப் போன ஆண்டிலும் இவர்கள் கூலி அந்த அளவு ஏறவில்லை என்பதை நான் களங்களில் நேரில் பார்த்திருக்கிறேன். விலை விழுந்தபோது கூலி அதே அளவு இறங்கவும் இல்லை. வேலை நாட்கள்தான் குறைந்தன.

இனி, நேரடியாக வாங்கலாமா என்ற உங்கள் கேள்வி. வாங்கலாம், ஆனால் எந்த வகையில் என்பதைப் பொறுத்தே பயன். 'ஒரே தோட்டத்து மிளகு', 'பழங்குடியினர் மிளகு' என்றெல்லாம் அச்சிட்ட பையை இரட்டை விலைக்கு வாங்குவதால், அந்த அதிகப்படிப் பணம் மலைக்குப் போகிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. விவசாயிக்கு என்ன விலை கொடுத்தார்கள், எந்த மாதத்தில் கொடுத்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். சில உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதை ஒளிவில்லாமல் சொல்கின்றன. உங்கள் தோழியின் பெற்றோர் போலத் தெரிந்த வீடு இருந்தால், உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்துப் பேர் சேர்ந்து ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து கிலோ எடுங்கள். கிலோவுக்கு 800 ரூபாய் கொடுத்தாலும் உங்களுக்கும் லாபம், அவர்களுக்கும் லாபம். அதிலும், விலையைக் கூட்டிக் கொடுப்பதைவிடப் பணத்தின் பாதியை ஜனவரியிலேயே, பறிப்புக் கூலி கொடுக்கும் நேரத்துக்கு முன், முன்பணமாகக் கொடுத்துவிட்டு மிளகை ஏப்ரலில் பெற்றுக்கொள்வது பெரிய உதவி. அவர்களுடைய மற்ற மூட்டைகளை அவசரத்துக்கு விற்காமல் இருக்க அது வழி செய்யும்.

தரம் பார்க்க, ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் தட்டாமல் நிரப்பி எடை போடுங்கள். 550 கிராமை ஒட்டி இருந்தால் நல்ல கனமான மிளகு, 500க்குக் கீழே இருந்தால் பதர் கலந்தது. தண்ணீரில் போட்டால் மிதப்பவை பெரும்பாலும் பதராக இருக்கும். முட்டை வடிவத்தில், கடித்தால் காரம் இல்லாமல் குமட்டும் சுவையோடு இருந்தால் பப்பாளி விதை. அளவுக்கு மீறிய பளபளப்பை விரும்பாதீர்கள். 2012 இறுதியில் கொச்சிக் கிடங்குகளில் பல ஆயிரம் டன் மிளகைக் கனிம எண்ணெய் கலந்திருக்கிறதென்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முடக்கி வைத்ததும் அப்படிப்பட்ட மெருகினால்தான். வீட்டுக் களத்தில் உலர்ந்த மிளகு சற்று மங்கலாகவும், அங்கங்கே பழுப்பாகவும் இருக்கும். அதைக் குறையாகச் சொல்லி விலையைக் குறைக்க வேண்டாம். ஆனால் கையில் அழுத்தினால் மெத்தென்று இருந்தால் ஈரம் போகவில்லை என்று பொருள். அதைத் தயங்காமல் சொல்லி, இன்னும் இரண்டு வெயில் காயவைத்து அனுப்பச் சொல்லுங்கள்.